கம்பெனிக்கு அரங்கம், காலனிக்கு ஏரிக்கரை

"ஸ்டேடியம் வந்துச்சுன்னா நம்ம பசங்களுக்கும் ஏதோ ஒரு வேல கெடைக்கும்ல அக்கா?"

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கோவைக்குச் சர்வதேசக் கிரிக்கெட் அரங்கம் என்ற வாக்குறுதி வந்த நாளிலிருந்து சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "நமக்கு எப்போ?" என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய அப்பா கோழிப்பண்ணையில் எரு அள்ளுகிறார். அம்மா சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிறார். தம்பிக்குப் பண்ணையும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். புதிதாக ஏதாவது வந்தால் அதில் நமக்கும் ஓர் ஓரம் கிடைக்காதா என்று பார்க்கிறார்.

ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: கிடைக்காது. ஆனால் ஏன் கிடைக்காது என்பதைக் கணக்கோடு சொல்லாவிட்டால், நம் பிள்ளைகளே நாளை நம் பணத்தை யாருக்கோ தூக்கிக் கொடுக்கக் கை தூக்குவார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இருப்பதைப் பேசுவோம்

சேலத்துக்கு ஏற்கெனவே ஒரு கிரிக்கெட் அரங்கம் இருக்கிறது. வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில். 2020 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். ராகுல் திராவிட் வந்தார், இந்தியா சிமென்ட்ஸ் சீனிவாசன் வந்தார். டி.என்.பி.எல். போட்டிகளின் ஒரு சுற்று அங்கே நடக்கிறது. சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்று நம் ஊர்ப் பெயரில் ஓர் அணியும் உண்டு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அரங்கத்தைக் கட்டியது சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் என்ற தனியார் அமைப்பு. அரசு கட்டியது அல்ல. தனியார் தம் கைக்காசில் ஆடுகளம் அமைத்துக்கொண்டால் அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. நம் கேள்வி வேறு. அரங்கம் திறந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தம்பி கேட்ட கேள்வியை அங்கேயே வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடிக்குப் பேருந்து ஏறுங்கள். சுற்றியுள்ள காலனிகளில் நாலு தெரு நடங்கள். அரங்கத்தால் ஆண்டு முழுக்க வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், என்ன வேலை, என்ன கூலி என்று கேட்டு எழுதுங்கள். போட்டி நடக்கும் நாட்களில் எத்தனை போலீசார், யார் செலவில் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தக் கணக்கை எடுத்த பிறகு அடுத்த அரங்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஏனென்றால் அடுத்த அரங்கம் தனியார் காசில் வரப்போவதில்லை. 2024 மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்தின்போது முதல்வர் ஸ்டாலின் கோவைக்குச் சர்வதேசக் கிரிக்கெட் அரங்கம் என்று வாக்குறுதி கொடுத்தார். தேர்தல் முடிந்ததும் அமைச்சர்கள் போய்ப் பார்த்த இடம் ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலம். அரசு நிலம். இனி சேலமும் ஈரோடும் கேட்டால் அதே வழியில்தான் கேட்கும்: நிலம் அரசுடையது, சாலை அரசுடையது, தண்ணீர் அரசுடையது, ஆட்டமும் லாபமும் மட்டும் சங்கத்துடையது.

மானியத்துக்கு இரண்டு பெயர்

மானியம் என்றால் நம் மக்களுக்குத் தெரிந்தது ரேஷன் அரிசி, தொகுப்பு வீடு, கறவை மாட்டுக் கடன். இவற்றுக்கு ஊரில் இருக்கும் பெயர் 'ஓசி'. "இவனுகளுக்கு எல்லாம் சும்மா கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று டீக்கடையில் பேசுவார்கள். அரங்கத்துக்குக் கொடுத்தால் அதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது: 'உள்கட்டமைப்பு', 'முதலீட்டு ஈர்ப்பு'. கொடுக்கும் கையும் ஒன்றுதான், பணமும் ஒன்றுதான். வாங்குகிறவரின் சாதியும் வர்க்கமும் மாறும்போது பெயர் மாறிவிடுகிறது.

இந்த மரியாதையான மானியம் மூன்று வடிவங்களில் வருகிறது. முதல் வடிவம் நிலம். சேப்பாக்கம் அரங்கம் நிற்கும் நிலம் தமிழ்நாடு அரசுடையது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அங்கே குத்தகைதாரர். பழைய குத்தகை 2015இல் முடிந்தது. பிறகு நீட்டிக்கப்பட்டது. வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற தகராறு அரசுக்கும் சங்கத்துக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதற்குள் ஐ.பி.எல். ஆட்டங்கள் ஒன்றும் நின்றுவிடவில்லை. இதை நம் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏரிப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் அருந்ததியர் குடும்பத்துக்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நோட்டீஸ் வந்தால், குறுகிய கெடுவுக்குள் சட்டி பானையோடு வெளியேற வேண்டும். பாக்கியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாரும் நம்மை நாற்காலி போட்டு உட்கார வைப்பதில்லை.

இரண்டாவது வடிவம் ரொக்கம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதையில் ஃபார்முலா 4 கார் பந்தயம் இரவு வெளிச்சத்தில் நடந்தது. நடத்தியது தனியார் நிறுவனம். அதற்காக அரசு தரப்பில் போட்ட பணம் சுமார் 42 கோடி ரூபாய். வழக்கு வந்தபோது, அந்தப் பணத்தை நிறுவனம் அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் அந்தக் கொள்கையைக் கேள்வி கேட்கும் வேலை நம்முடையது.

இந்த 42 கோடியை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். தொகுதிக்கு ஒன்றாக 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் என்று 2022இல் இதே அரசு அறிவித்தது. சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள், நாமக்கல்லில் 6. மொத்தம் 17. இரண்டு இரவுக் கார் பந்தயத்துக்கான பணத்தில் இந்த 17 தொகுதிகளில் 14க்குச் சிறு அரங்கம் கட்டி முடித்திருக்கலாம்.

மூன்றாவது வடிவம் தள்ளுபடி. இதுதான் கண்ணுக்கே தெரியாதது. மகாராஷ்டிர அரசு இருபது ஓவர் போட்டிகளுக்குப் போலீஸ் பாதுகாப்புக் கட்டணத்தை 70 லட்சத்திலிருந்து 10 லட்சமாகக் குறைத்தது. அதையும் 2011லிருந்து முன்தேதியிட்டுக் குறைத்தது. இது மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. சலுகை பெற்றவர்கள் ஏழைகளா? ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அந்தப் பணத்தை ஆளும் பி.சி.சி.ஐ. அறக்கட்டளை என்ற பதிவைக் காட்டி வருமான வரி விலக்குக் கேட்டு வாதாடுகிறது. 2021 நவம்பரில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் அந்தப் பதிவுக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. "நுழைவுச்சீட்டுக்கு 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்களே" என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் முதல் போட்டிருக்கிறார்கள்தான். அதைக் கட்டுவது யார்? கடன் வாங்கிச் சேப்பாக்கத்துக்கு ரயில் ஏறும் நம் பையன்.

வேலை வரும், வியாபாரம் வரும் என்கிறார்களே?

ஒரு நியாயத்தைப் பார்த்துவிடுவோம். அரங்கம் வந்தால் ஓட்டல் வரும், ஆட்டோ ஓடும், டீக்கடை நிறையும், பணம் புழங்கும் என்கிறார்கள். கேட்கக் காதுக்கு நன்றாக இருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்து புழங்கும்? சேலத்துக் குடும்பம் ஒன்று மாதத்தில் பொழுதுபோக்குக்கு ஆயிரம் ரூபாய் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரங்கம் வந்ததால் அந்த ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடாது. சினிமாவுக்கும் ஏற்காட்டுக்கும் ஐந்து ரோட்டு ஓட்டலுக்கும் போகவேண்டிய பணம் அரங்கத்துக்குப் போகும். ஊருக்குள் இருந்த காசு ஒரு கல்லாவிலிருந்து இன்னொரு கல்லாவுக்கு மாறும். பழைய கல்லா உள்ளூர்க்காரருடையது. அதில் விழுந்த காசு உள்ளூர் மளிகைக்கும் கூலிக்கும் திரும்பும். புதிய கல்லாவில் விழுந்த காசு அணி முதலாளிக்கும் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் ஆட்டக்காரருக்கும் ஊரை விட்டுப் போய்விடும். வரவு மாதிரி தோன்றும் கசிவு இது.

இது எங்கள் ஊகம் அல்ல. இந்த மானிய விளையாட்டை நம்மைவிடப் பல பத்தாண்டு முன்பே ஆடித் தோற்ற நாடு அமெரிக்கா. அங்கே ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பாலிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் பல நகரங்களின் அரங்கக் கணக்குகளைத் தொகுத்து 1997இல் ஒரு நூலாகக் கொண்டுவந்தார்கள். ஆதரவாளர்கள் சொல்லும் பலனைவிட உண்மைப் பலன் எப்போதும் மிகக் குறைவு, சில இடங்களில் நட்டம் என்பதே அவர்கள் கண்டது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவையும் அதையே சொல்கின்றன. ஆனாலும் 2023இல்கூட நெவாடா மாநிலம் ஒரு பேஸ்பால் அணியின் அரங்கத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் இயற்றியது. அணி முதலாளிகளின் கையில் ஒரு மிரட்டல் எப்போதும் இருக்கிறது: "நீங்கள் தராவிட்டால் பக்கத்து ஊர் தரும்." கோவைக்குக் கொடுத்தார்கள், எங்களுக்கு ஏன் இல்லை என்று நாம் கேட்கும்போது அந்த மிரட்டலை அவர்களுக்காக நாமே செய்து கொடுக்கிறோம். கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கத்தின் கடனை அடைத்து முடித்தது 2006இல். முப்பது ஆண்டு. போட்டியைப் பார்த்த குழந்தைகளின் குழந்தைகள் கடன் கட்டினார்கள்.

அடுத்து வேலை. ஐ.பி.எல். அணி ஒன்று தன் சொந்த ஊரில் லீக் சுற்றில் ஆடுவது ஏழு ஆட்டம். டி.என்.பி.எல். ஓர் ஊரில் தங்குவது சில நாள். மற்ற நாளெல்லாம் புல்லுக்குத் தண்ணீர் விடுவார்கள். ஆண்டில் சில நாள் நடக்கும் ஒன்றால் ஆண்டு முழுவதும் சோறு போட முடியாது. அந்தச் சில நாளிலும் நமக்கு வரும் வேலை எது? நாற்காலிக்கு அடியில் கிடக்கும் பாப்கார்ன் டப்பாவைப் பொறுக்குவது, கழிப்பறை கழுவுவது, வெயிலில் நின்று வண்டி நிறுத்த விசில் ஊதுவது. ஒப்பந்தக்காரர் யார், அவர் யாரைக் கூப்பிடுவார், எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவார் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? மலம் அள்ளும் வேலையிலிருந்து நம் பிள்ளைகளை வெளியே இழுக்கத்தான் படிப்பு மையம் நடத்துகிறோம். அதே துடைப்பத்தை ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் கொடுத்தால் அது வளர்ச்சி ஆகிவிடாது.

இந்த மண்ணின் பொருளாதாரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, தறி, சேகோ. நாமக்கல்லில் முட்டை, லாரி பாடி கட்டும் பட்டறை, திருச்செங்கோட்டு ரிக் வண்டி. இவற்றில் ஒவ்வொன்றிலும் அடிமட்டத்தில் உடலைக் கொடுத்து நிற்பது நம் மக்களும் நம்மோடு நிற்கும் பிற ஏழைச் சாதிகளும். முன்பணம் வாங்கி அதை அடைக்க முடியாமல் தறியிலேயே ஆயுள் கழிப்பவர்கள் எத்தனை பேர்! 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற கொடுமை வெளியே வந்து நாடே பார்த்தது. உடல் உறுப்பை விற்றுக் கடன் அடைக்கும் ஒரு பகுதிக்கு உள்ளூர்ப் பொருளாதாரக் கொள்கை வேண்டும் என்றால் முன்பணக் கடனிலிருந்து மீட்பு, தறிக்கூடத்தில் குறைந்தபட்சக் கூலி, பண்ணையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கூட்டுறவுக் கடன் இவற்றில் தொடங்க வேண்டும். அரங்கத்தில் தொடங்குகிறவர்கள் இந்தப் பக்கத்துப் பொருளாதாரத்தைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். அல்லது பார்த்தும் பார்க்காதவர்கள் என்று அர்த்தம்.

டெல்லியில் எடுத்தது நம் பணம்

இதுவரை சொன்னது எல்லா ஏழைகளுக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நமக்கென்று தனியாக நடந்தது. தலித் மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: 744 கோடி.

பட்டியல் சாதி மக்களின் மேம்பாட்டுக்கு, மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்பதற்காக 1979இல் வந்தது சிறப்புக் கூறுத் திட்டம். டெல்லி அரசு 2006 முதல் 2010 வரையான வரவு செலவுகளில் அந்தத் திட்டத்திலிருந்து சுமார் 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிச் செலவுக்குத் திருப்பிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இதை வெளியே கொண்டுவந்தது உரிமை அமைப்புகள். நாடாளுமன்றத்தில் பிரச்சினை வெடித்தது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் நிதி திருப்பப்பட்டது தவறு என்று மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு சரி. 2010 அக்டோபரில் போட்டி பட்டாசோடு நடந்து முடிந்தது. உதவித்தொகையும் விடுதியும் வீடுமாக மாறியிருக்க வேண்டிய பணம் புல்தரையாகவும் விளக்குக் கம்பமாகவும் நின்றது. அரங்கம் கட்டிய தொழிலாளரில் எத்தனை பேர் நம் மக்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நம் பணம், நம் உழைப்பு, அவர்களின் பதக்க மேடை.

"அது டெல்லி, அது அப்போ" என்று சொல்லிவிட முடியாது. எல்லாருக்கும் பொதுவான சாலை, பாலம், கட்டடச் செலவில் ஒரு பங்கை வெட்டி எடுத்து "இதுவும் பட்டியல் சாதியினருக்குச் செலவிட்டதுதான்" என்று ஏட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நாடு முழுக்க இருக்கிறது. ஓர் அரங்கத்தில் தலித்துகளும் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கலாம் அல்லவா? அது போதும் ஏட்டில் எழுத. தமிழ்நாட்டில் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த மாநிலத்தில் நாம் 20 விழுக்காடு. சட்டம் வந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஏட்டுச் சட்டமாகவே இருக்கும். விளையாட்டுத் துறையின் மானியக் கோரிக்கையில் நம் பங்கு எங்கே போகிறது என்று ஆண்டுதோறும் வரிவரியாகப் படிக்கும் மாணவர்கள் நமக்கு வேண்டும்.

திறமை எங்கே முளைக்கிறது?

"நீங்கள் விளையாட்டுக்கே எதிரியா? உங்களுக்கு எதைத் தொட்டாலும் சாதியா?" என்று கேட்பார்கள். விளையாட்டை நேசிப்பதால்தான் பேசுகிறோம்.

பல்வங்கர் பாலு என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர். சாமர் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளையர் கிளப்பில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடுகளத்தைப் பெருக்கி, உருட்டி, வலை கட்டிய தொழிலாளி. அங்கேதான் பந்து வீசக் கற்றார். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். சொந்த ஊரில் சக ஆட்டக்காரர்கள் அவருக்குத் தனி மண்குவளையில் வெளியே தேநீர் கொடுத்தார்கள். அணித்தலைவர் பதவியைக் கடைசிவரை கொடுக்கவில்லை. ஆடுகளத்தைப் பெருக்கியவருக்கு ஆடுகளத்தில் உரிமை இல்லை என்பது இந்த நாட்டுக் கிரிக்கெட்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதப்பட்டது. நாம் புதிதாகக் கொண்டுவந்து நுழைக்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். சின்னப்பம்பட்டி நடராஜன் எந்தச் சர்வதேச அரங்கத்தில் வளர்ந்தார்? அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை. ஊர்த் திடலில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். பெயரும் பணமும் வந்த பிறகு அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தன் ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் அமைத்தது. 2023இல் திறந்தார். தனக்கு எது இல்லாமல் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு காய்கறி விற்ற தாயின் மகன். அரசுப் பள்ளித் திடலில் உயரம் தாண்டத் தொடங்கியவர். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். திறமை முளைப்பது திடலில்தான். அது முளைத்த பிறகு கைதட்டி டிக்கெட் விற்கும் இடம்தான் அரங்கம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லை, களத்துமேட்டுக்கு மார்பிள் போடுகிறார்கள்.

நம் காலனிப் பையன்கள் எங்கே ஆடுகிறார்கள்? வற்றிய ஏரியில். தண்ணீர் இல்லாத மாதங்கள்தான் அவர்களுடைய 'சீசன்'. மழை பெய்து ஏரி நிறைந்தால் ஊர் சந்தோஷப்படும், நம் பையன்களின் ஆட்டம் நின்றுவிடும். கோணல்மாணலாகக் கருவேல முள் வெட்டிய இடத்தில் மூன்று குச்சி நட்டு ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஏரிக்குள் இறங்கி ஆட எந்த அம்மா அனுப்புவார்?

"ஊராட்சிதோறும் மைதானம் இருக்கிறதே" என்பார்கள். அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2019இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் எல்லா ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வந்தன. இரண்டும் நல்ல திட்டம்தான். ஆனால் நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் எங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறோம். திடல் ஊர்த்தெருவை ஒட்டி இருக்கிறது, கோவிலுக்குப் பக்கத்தில். உபகரணப் பெட்டி பூட்டிய அறையில் இருக்கிறது. சாவி யாரிடம்? காலனிப் பையன் போய்க் கேட்டால் "அவங்க ஆடி முடிக்கட்டும்" என்கிறார்கள். அவர்கள் ஆடி முடிக்கும்போது இருட்டிவிடுகிறது. ஒருநாள் எங்கள் மையத்துப் பிள்ளைகள் இருட்டும்வரை வரப்போரம் உட்கார்ந்திருந்து, ஒரு பந்துகூட வீசாமல் திரும்பினார்கள். யாரும் அடிக்கவில்லை, யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் எழுத அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் இடம் எது என்று புரிந்துவிட்டது. மட்டை வந்தது தோழர்களே, சாவி வரவில்லை.

இந்தச் சாவியை நம் கைக்குக் கொண்டுவராமல், மாவட்டத் தலைநகரில் பல கோடியில் அரங்கம் கேட்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் துரோகம்.

அப்படியானால் என்ன கேட்கலாம்?

ஒன்று. அரசு நிலம், அரசுப் பணம், வரிச் சலுகை இவற்றில் எதைத் தொட்டுத் தொழில்முறை விளையாட்டு அரங்கம் கட்டினாலும், கட்டும் முன்பே முழுக் கணக்கும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, லாபத்தில் அரசுக்குப் பங்கு என்ன, நட்டம் வந்தால் யார் தலையில்? பதில் இல்லாமல் ஒரு சென்ட் நிலமும் கொடுக்கக் கூடாது.

இரண்டு. போட்டி நடத்திச் சம்பாதிப்பவர்களிடம் போலீஸ், துப்புரவு, மின்சாரச் செலவை முழுமையாக வசூலிக்க வேண்டும். குப்பை அள்ளும் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலியும் பாதுகாப்புக் கருவியும் கொடுத்த ரசீதைக் காட்டிய பிறகே அனுமதி.

மூன்று. ஆதிதிராவிடர் வளர்ச்சி நிதியில் ஒரு ரூபாயும் அரங்கத்தின் பக்கம் போகக் கூடாது. போகவில்லை என்பதை அரசு ஆண்டுதோறும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

நான்கு. ஒவ்வொரு காலனியிலும் நடந்து போகும் தூரத்தில் ஒரு திடல், பெண்கள் ஆட நேரம், இரவு விளக்கு, குடிநீர், கழிப்பறை. நிலம் இல்லை என்று சொல்வார்கள். 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஐந்து. ஊராட்சி விளையாட்டுத் திடலுக்கும் உபகரணத்துக்கும் பொறுப்பான குழுவில் காலனி இளைஞர், பெண் ஒருவர் கட்டாயம். இரண்டு சாவி. ஒன்று நம் தெருவில்.

இவற்றில் எதற்கும் நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் எழுந்து நின்று தீர்மானமாகக் கொடுக்கலாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள். நகரத்தில் படிக்கும் மாணவர்கள் ஒரு பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் தொகுதிக்குச் சிறு விளையாட்டரங்கம் எந்த நிலையில் இருக்கிறது, உங்கள் ஊராட்சியின் உபகரணப் பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்று தகவல் கேளுங்கள். 744 கோடியை வெளியே கொண்டுவந்தது இதே சட்டம்தான்.

அந்தத் தம்பிக்கு நாங்கள் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறோம். "வேல கெடைக்காது தம்பி. பெருக்கற வேல வேணும்னா கெடைக்கும். அது உங்க தாத்தனுக்கே கெடைச்சதுதான். உனக்கு வேணுங்கறத கேளு." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுத்த கிராம சபை எப்போது என்று கேட்டார். இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் வரியே சாவியைப் பற்றியதுதான்.

ஜெய்பீம்.